சுஐபு மூடி

காலை ஏழே முக்கால். பாம்பன் ஸ்டேஷனில் இஞ்சின் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. தங்கசாமி பெட்டியிலிருந்து இறங்கி எதிரே இருந்த தகரக்கடைக்கு வந்து, இரண்டு விரலால் ஒரு கரண்டியைத் தூக்கிப் பிடித்தார். நுனியிலிருந்து புளிக்குழம்பு சொட்டியது.

"பாய், உம்ம கரண்டி முங்கிக் குளிச்சிட்டு வந்திருக்கு."

சுஐபு எழுந்து நின்றான். "மூடியில கிளிப்பு விட்டுருச்சா அய்யா?"

"மண்டபம் வர்றதுக்குள்ள விட்டுருச்சு. கையில சோறு ஒட்டக் கூடாதுன்னுதான் கரண்டி. அந்தக் கரண்டியத் தேடி முழங்கை வரைக்கும் குழம்பு."

சுஐபு கரண்டியை வாங்கிக் கைலியில் துடைத்தான். முகம் சுண்டிப்போயிற்று.

ஊரில் அவன் பேர் ஒட்டு சுஐபு. ஓட்டை வாளி, ஓட்டைக் குடம், தோணிக்காரர்களின் கெண்டி, எதுவானாலும் ஒட்டுப் போடுவான். போட்ட ஒட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. விரலால் தடவித் தேட வேண்டும். ஆனாலும் அடுத்தவன் செய்த பாத்திரம், அதில் இவன் ஒட்டு. பதினெட்டு வருஷமாகச் சுத்தியல் பிடித்த கைக்கு, இது என்னுடையது என்று காட்ட ஒரு சாமான் கிடையாது.

போன மாதம்தான் அது நேர்ந்தது. சாயல்குடிப் பக்கத்துப் பெரிய மனிதர் தங்கசாமி. மாதம் இரண்டு தடவை தனுஷ்கோடி போய்க் கப்பலேறித் தலைமன்னார் போவார். அங்கே அக்காள் சீக்காகக் கிடக்கிறாளாம். வண்டியில் சாப்பிடுகிற கரண்டி ஒவ்வொரு பயணத்திலும் தொலைந்துபோகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டபோது, "தூக்குச்சட்டி மூடியிலேயே கரண்டிய வச்சுப்புட்டா?" என்று சுஐபின் வாயில் வந்துவிட்டது. சொன்னது தானா என்று அவனே திகைத்தான்.

"செய்யும்," என்றார் தங்கசாமி. "உம்ம கைக்கு வராத வேலையா?"

அப்படி ஒரு சொல்லை யாரும் அவனிடம் சொன்னதில்லை.

அடியில் வைத்த கரண்டி குழம்பில் விழுந்ததால், இரண்டாவது மூடியில் கரண்டியை மேலே வைத்தான். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தான். பத்து நாள் கழித்துத் தங்கசாமி வெறும் மூடியோடு வந்தார்.

"காக்கா கொண்டு போயிருச்சு."

"கரண்டியவா?"

"தனுஷ்கோடி பிளாட்பாரத்துல. மேல மின்னுனா காக்கா மட்டுமா பாக்கும்? நாலு பேரு பாக்குறான். உள்ள வையும்."

மூன்றாவது மூடி இரட்டைத் தகடு. நடுவே கரண்டி படுக்கிற அளவுக்கு ஒரு பொந்து. விளிம்பில் ஒரு வாய். சுஐபு அதைச் செய்து முடித்த அன்று சாப்பிடக்கூட மறந்தான்.

"பாலத்து மேல போறப்ப வண்டிச் சத்தத்தை விட மூடிச் சத்தம் பெருசா இருக்கு," என்றார் தங்கசாமி. "பெட்டியே திரும்பி என்னையப் பாக்குது. இன்னொண்ணு, இந்த வாய் வெளிய தெரியக் கூடாது. எறும்பு போகுது."

சத்தத்துக்கு மருந்தாக மனைவி மெஹருன்னிசாவின் கொழும்புக் கம்பளியில் ஒரு மூலையை வெட்டிப் பொந்துக்குள் ஒட்டினான். வாய்க்கு, அதே தகட்டில் ஒரு நாக்கு வெட்டி இழைத்துப் பொருத்தினான். மயிரிழைகூடத் தெரியவில்லை. குலுக்கினான், சத்தம் இல்லை. தடவினான்; வாய் இல்லை. திறக்கப் பார்த்தான், திறக்கவும் இல்லை.

அந்தக் கரண்டி போயிற்று. இன்னொரு மூடி செய்து இன்னொரு கரண்டியைப் போட்டான். அதுவும் போயிற்று. இப்படித் திறக்காமல் போன நாலாவது மூடியை அவன் மூடிய அன்று மெஹருன்னிசாவின் தம்பி பாக்கர், மனைவி சபியாவோடு விருந்துக்கு வந்தான். பாக்கருக்குத் தனுஷ்கோடி சுங்க ஷெட்டில் பியூன் வேலை. காக்கிச் சட்டையைக் கழற்றாமலே வந்திருந்தான்.

மெஹருன்னிசா இனிப்புக்கு வட்டலப்பம் செய்திருந்தாள். கிண்ணங்களை வைத்தாள். கரண்டியை எடுக்க அலமாரிக்குப் போனாள். போனவள் அங்கேயே நின்றாள்.

"ஏங்க, எங்க வீட்டுச் சீர்க் கரண்டி ஆறு இருந்துச்சே?"

"ரெண்டு இருக்குமே," என்றான் சுஐபு.

"நாலு எங்க?"

சுஐபு எழுந்துபோய் நாலு மூடிகளைக் கொண்டுவந்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தான்.

"உள்ளதான் இருக்கு."

பாக்கர் ஒரு மூடியைக் கையில் எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்தான். காதோடு வைத்துக் குலுக்கினான். சபியா இன்னொரு மூடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். மெஹருன்னிசா அரிவாள்மணையைக் கொண்டுவந்தாள்.

"அய்யய்யோ, கீறிப்புடாதே!" சுஐபு மூடியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"மச்சான்," என்றான் பாக்கர், "உள்ள கரண்டி இருக்குன்னு நீங்க சொல்றீக. அதனால நம்புறேன். எங்க ஷெட்டுல தெனம் நூறு பொட்டி தொறந்து பாக்குறேன். இந்த வேலைய நான் எங்கயும் பாத்ததில்ல."

"அப்ப நல்லா இருக்குன்றியா மாப்ளே?"

"நல்லாருக்கு. வட்டலப்பத்தைத்தான் எப்படித் திங்கிறதுன்னு தெரியலை."

விரலால் வழித்துத் தின்றார்கள். தின்றுகொண்டே பாக்கர் ஷெட்டுக் கதை சொன்னான். கருவாட்டுச் சாக்குக்குள் தங்கக் கட்டி இருந்ததாம். கொண்டுவந்தவன் சாக்கைப் போட்டுவிட்டு ஓடிவிட்டானாம்.

"சாக்கு யாருதுன்னு தெரியலை. எங்க சாரு தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு."

"சாக்குல பேரா இருக்கும்?" என்றாள் மெஹருன்னிசா. மிச்சமிருந்த இரண்டு கரண்டியில் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். காம்பில் புள்ளிபுள்ளியாக அவள் பேர் வெட்டியிருந்தது. "இந்தா பாரு. பேரு யாருதோ சாமான் அவுகளுது. நாளைக்கே இவுக இல்லைன்னு சொன்னாலும் நான் விடுவேனா?"

சுஐபு தலையைக் குனிந்துகொண்டான்.

எட்டு நாள் கடையில் ஒட்டு வேலை நடக்கவில்லை. ஓட்டை வாளிகள் வாசலில் வரிசை கட்டின. ஒன்பதாம் நாள் மூடியின் நடுவே ஒரு தாமரைப் பூவைத் தட்டி எழுப்பினான். பூவின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் விளிம்பில் நாக்குத் திறந்தது. கரண்டிக் காம்பு அரை அங்குலம் வெளியே வந்து நின்றது, மரியாதையாக. விரலை எடுத்து நாக்கைத் தள்ளினால் மூடிக்கொண்டது. பழைய நாலு மூடிகளையும் பிரித்துக் கரண்டிகளை அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

மெஹருன்னிசா புது மூடியை முப்பது தடவை அழுத்திப் பார்த்தாள். அன்றைக்கு மீன்குழம்பில் பெரிய துண்டு அவன் தட்டில் விழுந்தது.

தங்கசாமி வந்தார். குலுக்கினார். தடவினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு பூவை அழுத்தினார். இஞ்சின் ஊதியும் அவர் நகரவில்லை.

"பாய், இது மூடி இல்ல. வித்தை."

சுஐபு மூடியைத் திரும்ப வாங்கினான். உளியை எடுத்தான். "அய்யா பேரை வெட்டித் தாரேன். எந்த எழுத்துல தொடங்கணும்?"

"எம் பேரு எதுக்கு?" தங்கசாமி சிரித்தார். "செஞ்சது யாரு? உம்ம பேரை வெட்டும். ஊரையும் சேத்து வெட்டும். இன்னும் நாப்பது மூடி வேணும் எனக்கு. எங்க சாதிசனம் அம்புட்டுப் பேருக்கும். உம்ம பேரு கடல் தாண்டிப் போகட்டும்."

வண்டி போனபிறகும் சுஐபு உளியைக் கீழே வைக்கவில்லை.

"அவுக சாமான்ல உங்க பேரு எதுக்கு?" என்றாள் மெஹருன்னிசா.

"செஞ்சவன் பேருடீ."

"பாக்குறவுகளுக்கு அது தெரியுமா?"

"வேலையைப் பாத்தாத் தெரியும்."

அவன் முகத்தை அப்படி அவள் பார்த்ததில்லை.

நாற்பது மூடி ஒன்றரை மாதம் எடுத்தது. தாமரை ஒன்றுபோல் நாற்பது. 'சுஐபு, பாம்பன்' ஒன்றுபோல் நாற்பது. எழுத்துக்கு எழுத்து ஆழம் மாறவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் வந்து பார்த்தார். தோணிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். 'ஒட்டு' என்பதை ஊர் விட்டுவிட்டது. 'மூடி சுஐபு' என்று கூப்பிட்டது. பள்ளிவாசல் வாசலில், பாங்கு சொல்கிற மோதினார் ஒருநாள் அவனுக்கு முதலில் சலாம் சொன்னார்.

கரண்டிக்குத்தான் பஞ்சம். பொந்துக்குள் படுக்கிற அளவில் ராமநாதபுரத்துக் கடைகளை அரித்தெடுத்தும் முப்பத்துநாலுதான் கிடைத்தது. மூடிகளுக்கு ஆள் வரப்போகிற நாள் விடிந்தபோது மெஹருன்னிசா முந்தானையில் எதையோ முடிந்து கடைக்கு வந்தாள். அவிழ்த்தாள். ஆறு சீர்க் கரண்டி.

"உன் பேரு வெட்டினதுடீ அது."

"இருக்கட்டும். உங்க பேரு வெளிய, எம் பேரு உள்ள. ரெண்டும் சேந்து அக்கரை பாக்கட்டும்."

அவளே ஆறையும் ஆறு மூடிக்குள் தள்ளி மூடினாள். சுஐபு தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஏழே முக்காலுக்கு வண்டி வந்தது. தங்கசாமி வரவில்லை. அவர் ஆள் மூக்கையா, தோளில் சாக்கோடு வந்தான். மூடிகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முதல் மூடியை எடுத்தான். பூவை அழுத்தினான். கரண்டியை உருவிக் கீழே போட்டான். மூடியைச் சாக்கில் போட்டான். அடுத்ததை எடுத்தான்.

"அதான் சரியா வேலை செய்யுதே," என்றான் சுஐபு. "எல்லாத்தையும் பாக்கணுமாண்ணே?"

மூக்கையா அடுத்த பூவில் விரலை வைத்தான். அழுத்தினான், உருவினான், போட்டான். தரையில் கரண்டிகள் குவிந்தன. மெஹருன்னிசாவின் பேர் மேலாக வந்து விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்தாள்.

"கரண்டிய எதுக்குக் கீழ போடுறீக?" என்றாள்.

மூக்கையா கடைசி மூடியைத் திருப்பி, 'சுஐபு, பாம்பன்' மேல் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்த்தான். திருப்தியாகத் தலையை ஆட்டினான்.

"கரண்டி ஒண்ணும் வேணாமாம் தாயி, அந்த எடம் காலியா இருந்தாப் போதுமாம். பாய் பேரு மட்டும் நல்லா எடுப்பாத் தெரியுதான்னு பாத்து வாங்கியாரச் சொன்னாரு."