ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

"அங்கிள், கையைத் தளர விடுங்க. பேசாம இருங்க."

"நான் எங்கம்மா பேசுறேன்? உன் மெஷின்தான் புர்ருனு கத்துது."

பிரஷர் பார்க்கும் கருவி மூன்றாவது முறையாக ஜக்கரியாவின் கையை இறுக்கிப் பிடித்து, கொஞ்சம் யோசித்து, விட்டது. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி நூருல் ஐன் எண்ணைப் பார்த்தாள். முதல் தடவை நூற்று எழுபத்தாறு. இரண்டாம் தடவை நூற்று எழுபத்தெட்டு. இப்போது நூற்று எண்பது.

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு ரெண்டா ஏறுது அங்கிள்."

"அப்ப அளக்குறதை நிறுத்துலா! நீ அளக்க அளக்கத்தானே ஏறுது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சுலைஹா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் போன வாரமே இதே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டவள். அதை ஒரு நாளைக்கு மூன்று வேளை புருஷனுக்குச் சொல்லிக்காட்டியும் வந்தாள்.

விஷயம் இதுதான். ஜக்கரியாவும் சுலைஹாவும் ஹஜ்ஜுக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். இந்த வருஷம்தான் முறை வந்து கடிதம் வந்தது. கடிதத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. டாக்டர் பரிசோதித்து, உடம்பு தாங்கும் என்று கையெழுத்துப் போட வேண்டும். பீடோங் ஊர் பஸ் நிலையத்துக்கு எதிரே முப்பது வருஷமாகச் சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை நடத்தும் ஜக்கரியாவுக்குக் கையெழுத்து வாங்குவது ஒரு பெரிய காரியமாகத் தோன்றவில்லை. நூற்று எண்பது வரும் வரைக்கும்.

டாக்டர் நளினி இளம்பெண். குரல் மெதுவானது, கேள்விகள் மெதுவானவை அல்ல.

"குடும்பத்துல யாருக்காவது இதயக் கோளாறு உண்டா அங்கிள்?"

"எங்க அண்ணனுக்கு இருந்துச்சு, டாக்டர். ஐம்பத்தேழுல போயிட்டாரு. கடையில நின்னு தே தண்ணி ஆத்திட்டு இருந்தாரு. முதல்ல கோப்பை விழுந்துச்சு. அப்புறம் அவரு விழுந்தாரு. அவ்வளவுதான்."

ஜக்கரியாவுக்கு இப்போது ஐம்பத்தாறு.

"மாரடைப்புங்கறது ரத்தக் குழாய் அடைச்சுக்கறது. உங்க அண்ணனுக்கு வந்தது இதயமே திடீர்னு நின்னுபோறது. உள்ளே ஓடற மின்சாரம் தடுமாறிப் போயிடும். பல பேருக்கு முன்கூட்டியே தெரியறதில்ல. ஆனா அதுக்கு வழி விடறது என்னென்னன்னு நமக்குத் தெரியும். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, சிகரெட், உடம்பு எடை, குடும்ப வழி."

"மின்சாரக் கோளாறுன்னா வயர்மேனைத்தான் கூப்பிடணும்."

"நான்தான் வயர்மேன். சிகரெட் பிடிப்பீங்களா?"

"விட்டுட்டேன்."

"எப்ப?"

"இப்பத்தான். உள்ள வர்றதுக்கு முன்னால, வாசல்ல."

டாக்டர் நிமிராமல் எழுதிக்கொண்டார். "காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர். ரெண்டு மணி வரைக்கும் பச்சைத் தண்ணி மட்டும்தான்."

இதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார். சுலைஹாதான் தொண்டையைக் கனைத்தாள்.

"ருசி பார்க்குறதைச் சொல்லுங்க."

"அது எப்படிச் சாப்பாட்டுல சேரும்?" என்றார் ஜக்கரியா, உண்மையிலேயே வியந்துபோய்.

டாக்டர் பேனாவைத் திருப்பிப் பிடித்தார். "எத்தனை கறி அங்கிள்?"

"பதினொரு சட்டி."

"கரண்டியில ஒரு சொட்டு நக்கிப் பார்ப்பீங்களா?"

"அப்படிப் பார்த்தா என்ன தெரியும்? ஒரு பிடி சோத்துல ஊத்திப் பிசைஞ்சு பார்த்தாத்தான் உப்பு உறைப்பு தெரியும்."

"பதினொரு பிடி சோறு."

"மாட்டிறைச்சிக்கு ரெண்டு. கறி வெந்துச்சான்னு ஒரு துண்டு பார்க்கணுமே."

"உப்பு குறைஞ்சிருந்தா?"

"போட்டுட்டு மறுபடி பார்ப்பேன்."

டாக்டர் நளினி காகிதத்தில் ஏதோ கூட்டினார். கூட்டி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்தார். "அங்கிள், நீங்க தினம் விடியக்காலையில ஒரு கல்யாண விருந்து சாப்பிடறீங்க."

மாத்திரை எழுதினார். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். சிகரெட் கூடாது, ருசி பார்ப்பது கூடாது. எட்டு வாரம் கழித்துப் பிரஷர் நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால் கையெழுத்து, இல்லையென்றால் இந்த வருஷம் இல்லை. சிகரெட்டைக்கூட ஜக்கரியா தாங்கிக்கொண்டார். ருசி பார்க்காதே என்றதும் அவர் முகம் இழவு வீட்டு முகமாகிவிட்டது.

"அடுத்த வருஷம் எனக்கு ஐம்பத்தேழு," என்றார் வெளியே வந்து, மோட்டார் சைக்கிளை எடுக்காமல் நின்றபடி. சுலைஹாவுக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து ருசி பார்க்கும் பதவி ஃபிரோஸுக்குப் போனது. அக்காள் மகன். முப்பது வயது, நல்ல உழைப்பாளி, நாக்கும் நல்ல நாக்குதான். ஒரே ஒரு குறை. மாமா செய்த எதையும் 'சரியில்லை' என்று சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"எப்படி இருக்குடா?"

"சரியா இருக்கு மாமா."

மதியம் ரவிச்சந்திரன் வந்தார். சிடாம் கிரி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லோரி டிரைவர். இருபது வருஷமாக ஒரே மேசை, ஒரே மீன் தலைக் கறி. ஒரு வாய் வைத்தவர் தண்ணீர்க் கோப்பையைத் தேடினார்.

"பாய், மீன் கடலை விட்டு வந்துடுச்சு. கடல் மீனை விடல போலிருக்கே!"

மறுநாள் உப்பே இல்லை. ஃபிரோஸ் அன்றும் ருசி பார்த்துவிட்டு, "சரியா இருக்கு மாமா," என்றுதான் சொல்லியிருந்தான். ஜக்கரியா ஆத்திரத்தில் கரண்டியை ஓங்கினார். பிறகு பிரஷர் நினைவு வந்து, கரண்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டு பத்து வரை எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் இரண்டு பேர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள்.

சரி, நாக்குதானே கூடாது, மூக்கு கூடாது என்று டாக்டர் சொல்லவில்லையே என்று ஜக்கரியாவுக்குத் தோன்றியது. ஒவ்வொரு சட்டியாகக் குனிந்து மோப்பம் பிடித்தார். மூன்றாம் நாள், ஆவியில் வழுக்கிய மூக்குக் கண்ணாடி தால்சாப் பருப்புக் குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. யாருக்கும் தெரியாமல் கிண்டித் தேடினார்கள், கிடைக்கவில்லை. மதியம் ரவிச்சந்திரன் தட்டில் கிடைத்தது.

"பாய், எனக்கு தூரப் பார்வை நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர், கண்ணாடியை வழித்துத் திருப்பிக் கொடுத்து.

சிகரெட் கதை இன்னும் மோசம். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அதனால் சட்டைப்பையில் மிட்டாய் வைத்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் கிளினிக்கில் சர்க்கரை ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். மிட்டாயை விட்டு உப்புப் போட்ட கச்சான் கடலைக்கு மாறினார். அடுத்த வாரம் சர்க்கரை இறங்கியது, பிரஷர் ஏறியது.

"அங்கிள், ஒண்ணை விட்டா இன்னொண்ணைப் பிடிக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று நூருல் ஐன் அவருடைய பையிலிருந்த கச்சானைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சுலைஹா தீர்மானமாகச் சொன்னாள்.

"நாளையிலேருந்து அடுப்பு என் கையில."

"கடை அடுப்பா? நீ வீட்டுக்குச் சமைக்கிறவ."

"அதுக்குத்தான். எனக்கு உங்களைத் தெரியும். நான் கண்ணு மூடினா நீங்க சட்டிக்குள்ள கையை விடுவீங்க. உங்களைச் சட்டிகிட்டேருந்து தடுக்க முடியாது. சட்டியை மாத்திட்டா? நீங்க பதினொண்ணுலயும் ருசி பார்த்தாலும் ஒண்ணும் ஆகாது பாருங்க."

சொன்னபடியே செய்தாள். நெய் டின்னை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். தேங்காய்ப் பால் கால்வாசியானது. கோழி தோலுரித்து வந்தது. உப்பை அவள் மட்டும், மருந்து போடுகிற மாதிரி, இரண்டு விரலால் எடுத்துப் போட்டாள். பொரிக்கிற கடாய் கவிழ்த்து வைக்கப்பட்டது. பதினொரு சட்டியும் வரிசையாக வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் ஜக்கரியாவுக்குக் கண் கலங்கியது.

வாடிக்கையாளர்கள் நல்லவர்கள். யாரும் முகத்தில் அடித்தாற்போல் சொல்லவில்லை. "இன்னைக்கு வீட்டுல சமைச்சு வச்சிட்டா பாய்," என்றார்கள். "வீட்டுக்குப் புங்குஸ் கட்ட வேணாம் பாய், கொல்லையில கீரை நிறைய கெடக்கு," என்றார்கள். இப்படி மரியாதையாகச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஐந்தாம் வாரத்தில் கடை ஈ ஓட்டியது.

ரவிச்சந்திரன் மட்டும் கடைசி வரை வந்தார். ஆனால் கையில் தூக்குச் சட்டியோடு வந்தார்.

"வீட்டுக்காரி தேவகி கட்டிக் குடுத்துட்டா பாய். இங்க உட்கார்ந்து சாப்பிட்டுக்கறேன். பழகின மேசை."

"சாப்பிடுங்க அண்ணே," என்றார் ஜக்கரியா. தம் கடையில், தம் மேசையில், அடுத்த வீட்டுக் கீரைக் கூட்டைச் சாப்பிடுகிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட ஒரு சமையல்காரனுக்கு வேறு தண்டனை வேண்டாம். அவர் எழுந்து நடக்கப் போய்விட்டார்.

கூட்டம் இல்லாததால் நடக்க நேரம் கிடைத்தது. ரப்பர் மரங்களை ஒட்டிய செம்மண் பாதையில் முதலில் அரை மணி நடந்தார், பிறகு ஒரு மணி. விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்து ஆடு வெட்டப் போக வேண்டிய அவசியம் இல்லாததால் நன்றாகத் தூங்கினார். குறட்டை குறைந்துவிட்டது என்று சுலைஹா சொன்னாள். சாரோங்கை இரண்டு சுற்று அதிகமாகக் கட்ட வேண்டியிருந்தது. உடம்பு தேறியது, மனசுதான் தேறவில்லை.

ஒருநாள் தாங்க முடியாமல், சுலைஹா லுஹர் தொழப் போன நேரத்தில், ஃபிரோஸிடம் சாவியை வாங்கி வீட்டிலிருந்து நெய் டின்னைக் கொண்டுவந்துவிட்டார். குர்மாச் சட்டியில் ஒரு கரண்டி விட்டுக் கிளறினார். வாசனை கிளம்பியது. ஒரு பிடி சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனார். அப்போது அண்ணன் தே ஆற்றிய அந்த இடத்தில்தான் தாம் நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. பிடிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

திரும்பி வந்த சுலைஹா தட்டைப் பார்த்தாள், நெய் டின்னைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். திட்டவில்லை.

"கடையை எப்ப வேணும்னாலும் தூக்கி நிறுத்திக்கலாங்க. உங்க அண்ணனைத் தூக்கி நிறுத்த முடிஞ்சுதா?"

அவர் தலையாட்டினார். கையெழுத்து விழுகிற வரைக்கும்தான், விழுந்த மறுநாளே பழைய அடுப்பு என்று தமக்குள் சத்தியம் செய்துகொண்டார்.

எட்டாம் வாரம், சனிக்கிழமை காலை. நூருல் ஐன் பட்டையைக் கையில் சுற்றினாள். இந்த முறை ஜக்கரியா பேசவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கருவி புர்ரென்று இறுக்கி, யோசித்து, விட்டது.

"நூத்து இருபத்தெட்டு," என்றாள்.

"மறுபடி பாரும்மா. மெஷின் கெட்டுப்போச்சா?"

மறுபடி பார்த்தாள். நூற்று இருபத்தாறு. சர்க்கரையும் கொழுப்பும்கூட அடங்கியிருந்தன. டாக்டர் நளினி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். ஜக்கரியா, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். சுலைஹா கொஞ்சமும் கூச்சப்படாமல் அழுதாள்.

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவருக்கு உலகமே தாராளமாகத் தெரிந்தது. மருந்து வாங்க நின்ற நேரத்தில் நூருல் ஐனிடம் குனிந்து, சுலைஹாவுக்குக் கேட்காமல் சொன்னார்.

"நாளைக்கு மத்தியானம் கடைக்கு வாம்மா. பழைய தால்சா, பழைய குர்மா. நான் தொட மாட்டேன், பயப்படாதே. ஃபிரோஸுக்கு ஒருவழியா 'சரியில்லை'ன்னு சொல்ல வந்துடுச்சு. ஓடிப்போன சனமெல்லாம் ஒரே வாரத்துல திரும்பி வந்து குமியும் பாரு."

நீட்டப் போன கையை அவள் நிறுத்தினாள். மருந்துப் பை அவள் கையிலேயே இருந்தது.

அப்போதுதான் ஜக்கரியா சுற்றிலும் பார்த்தார். சனிக்கிழமை. கிளினிக் நிற்க இடமில்லாமல் நிறைகிற நாள். நாற்காலிகள் வரிசையாகக் காலியாக இருந்தன. மின்விசிறி யாருக்கோ சுற்றிக்கொண்டிருந்தது. சகவியாபாரியைப் பார்த்த இரக்கம் அவருக்கு வந்தது.

"என்னம்மா, இங்கயும் என் கடை மாதிரியே படுத்துப்போச்சா? ஏன்?"

நூருல் ஐன் மருந்துப் பையை நீட்டினாள்.

"டாக்டருங்க இத்தனை வருஷமா மாத்திரை குடுத்தும் இறங்காத பீடோங் சனத்தோட பிரஷர், உங்க கடைக் கறி வாயில வைக்க முடியாமப் போன ரெண்டே மாசத்துல இறங்கிடுச்சு அங்கிள்."