கைராசிக்காரரும் ஐந்தாவது பல்பும்

நாலாவது பல்பும் போய்விட்டது! மூன்று மாதத்தில் நாலு! வாசலில் நின்று மோட்டார் சைக்கிளின் முன்விளக்கை முறைத்த கைராசிக்காரருக்கு ரத்தம் ஜிவ்வென்று தலைக்கு ஏறியது.

அவர் தையல் மெஷின் ரிப்பேர்காரர். பத்து வருஷம் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த மெஷினாக இருந்தாலும் சரி, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கட்டை விரலால் ஒரு தடவு தடவினால் போதும், டகடகவென்று ஓடும். அதனால் கடைத்தெருவே அவரைக் கைராசிக்காரர் என்றுதான் கூப்பிடும். அந்தப் பட்டத்தை முதலில் சூட்டியது அவரேதான் என்பது வேறு விஷயம்.

"என்னங்க, மறுபடியும் கண்ணை மூடிடுச்சா?" உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. அவள் போட்டோ ஸ்டுடியோவில் லைட் பிடிக்கிறவள். வருகிறவர்களை நாள் பூராவும் சிரிக்கச் சொல்லும் வேலை. வீட்டில் அவளைச் சிரிக்க வைக்க இவர் ஒருத்தர் போதும்.

"கம்பெனி சரியில்ல!" என்றார்.

"நாலும் நாலு கம்பெனியாச்சே?"

"அப்ப ரோடு சரியில்ல. குலுக்கல்!"

"அதே ரோட்டுலதான் பக்கத்து வீட்டு வாத்தியாரும் போறாரு. அவர் பல்பு ஆறு வருஷமா எரியுது."

"அவர் போற வேகத்துக்கு மெழுகுவத்தி ஏத்தி வெச்சாலும் அணையாது!"

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? பல்ப மாட்டும்போது நீங்க..."

"எங்கிட்டயேவா! மெஷினுக்கு நடுவுல பொறந்து வளந்தவன் கிட்டயே பாடமா?"

அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் இத்தனை சீக்கிரம் வாயை மூடியதே இல்லை. மனுஷன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டாமா? ஆகவில்லையே!

"சரி, ஒரு பந்தயம்," என்றாள். "அஞ்சாவது பல்பு ஒன்றரை மாசம் தாங்கிட்டா, வண்டியப் பத்தி நான் இனிமே மூச்சு விட மாட்டேன்."

"தாங்கலைன்னா?"

"சாவி எனக்கு. நான் முன்னாடி, நீங்க பின்னாடி."

கைராசிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "உனக்கு சைக்கிளே தகராறு! சாவிய வாங்கி என்ன பண்ணப் போற, இடுப்புல சொருகிக்கப் போறியா?"

"அது என் கவலை. ஒன்றரை மாசம். வாத்தியார் சாட்சி."

சிரித்தாரே தவிர, உள்ளுக்குள் பக்கென்றுதான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய வண்டி அது. மனைவியின் பிறந்தநாளை மறந்து வாங்கிக் கட்டிக்கொள்வார். வண்டி வாங்கிய தேதியை மட்டும் மறக்க மாட்டார். முன்சீட்டில் மச்சானைக்கூட உட்கார விட்டதில்லை. அந்த வண்டியில் தான் பின்னால் உட்கார்ந்து போவதா? அதைவிட நடந்தே போகலாம்!

நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினார்.

"தம்பி! கடையிலயே நல்ல பல்பு எதுவோ அத எடு! மானப் பிரச்சினை!"

கடைக்காரர் மூன்று டப்பாவை எடுத்துப் பரப்பினார். "இது சாதா, மஞ்ச வெளிச்சம். இது ஹாலஜன், பால் மாதிரி இருக்கும். இது எல்இடி, ஆனா உங்க பழைய வண்டிக்கு வயரை மாத்தணும்."

"என் வண்டி வயர்ல எவனும் கை வெக்கக் கூடாது! எப்பவும் போடற ஹாலஜனே குடு. வாட்ஸ் கொஞ்சம் தூக்கலா குடு!"

"தூக்கலா போட்டா ஹோல்டர் உருகிடும்ணே. உங்க வண்டிக்கு உள்ள அளவுதான் போடணும்."

"சரி சரி, அதையே குடு."

"ஒரே ஒரு விஷயம்ணே. மாட்டும்போது கண்ணாடிய மட்டும்..."

"எங்கிட்டயேவா!"

"அட, டப்பாவுல போட்டிருக்கறதயாவது பாருங்கண்ணே."

பார்த்தார். டப்பாவில் ஒரு கை படம் போட்டு, அதன் மேல் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு கிழித்திருந்தது. "திருட்டுப் பசங்க ஜாஸ்தியாயிட்டாங்க. கை வெக்காதேன்னு போட்டிருக்கான். விவரமான கம்பெனிதான்!" என்று பாராட்டிவிட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் பல்பை வெளியே எடுத்து, கண்ணாடி பளபளவென்று மின்னும்வரை கட்டை விரலால் தேய் தேயென்று தேய்த்தார். கையில் மெஷின் எண்ணெய் வாசனை. கை ராசி உள்ளே இறங்க வேண்டாமா? அதோடு விட்டாரா! தினம் காலையில் விளக்கைக் கழற்றி, பல்புக்கு ஒரு தடவு கொடுத்துவிட்டுத்தான் வண்டியையே எடுப்பார். மனைவி ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே தலை சீவுவாள்.

மூன்றாம் நாள் கடையில் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எரிந்தால்தானே பல்பு போகும்? எரிக்கவே எரிக்காவிட்டால்? தாங்க வேண்டும் என்றுதான் பந்தயம். எரிய வேண்டும் என்று எவள் சொன்னாள்! துள்ளி எழுந்த வேகத்தில் மெஷின் பலகையில் மண்டை இடித்தது. வலிக்கவே இல்லை, அத்தனை சந்தோஷம்!

அன்றைக்கே ஐந்து மணிக்குக் கடையைச் சாத்தினார். வழக்கமாக எட்டு மணிக்கு வருகிற மனுஷன், பட்டப்பகல் வெளிச்சத்தில் வீட்டு வாசலில் நின்றார். அப்போதுதான் வேலை முடித்து வந்திருந்த மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"உன் மேல பாசம்! இனிமே தினமும் இந்நேரத்துக்கு வந்துடுவேன்."

"தினமுமா?"

"தினமும்!"

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஸ்டுடியோவின் எல்லா லைட்டையும் ஒரே நேரத்தில் போட்டது மாதிரி இருந்தது. "ரொம்ப வசதியாப் போச்சு. ஸ்டுடியோல இப்ப வேலை ஜாஸ்தி, நான் வர்றதுக்கு ஏழரை ஆகும். சமையலைப் பாத்துக்கறீங்களா? அப்படியே துணியையும் மடிச்சு வெச்சுடுங்க."

முடியாது என்று சொல்ல முடியுமா? பாசம் என்று வாயை விட்டாயிற்றே! மறுநாளிலிருந்து மனுஷன் வெங்காயம் நறுக்கினார். பாத்திரம் கழுவினார். துணி மடித்தார். முதல் வாரம் சாதம் குழைந்தது, இரண்டாம் வாரம் விறைத்தது, மூன்றாம் வாரம் மனைவியே இன்னொரு கரண்டி கேட்டாள். கை ராசி அடுப்பு வரைக்கும் போகிறதே என்று அவருக்கே பெருமை தாங்கவில்லை.

வாத்தியார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன கைராசி, கரண்டியும் கையுமா?"

"மெதுவாப் பேசுங்க சார்! எல்லாம் தந்திரம். லைட்டே போடறதில்ல. பல்பு புத்தம் புதுசா அப்படியே இருக்கு. இன்னும் பத்தொன்பது நாள்! பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"பாவம்தான். ஆனா உங்க வீட்டம்மாவ நேத்து சாயங்காலம் மைதானத்துப் பக்கம்..." என்று வாத்தியார் ஆரம்பித்தார்.

அதற்குள் குக்கர் விசிலடித்தது. கைராசிக்காரர் அலறியடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஒருநாள் மனைவி முழங்கையில் பிளாஸ்திரியோடு வந்தாள். "லைட் ஸ்டாண்டு தடுக்கிடுச்சுங்க," என்றாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. "இவ்வளவு கஷ்டப்பட்டு வேலை செய்யணுமா? நீ நிதானமாவே வா, இங்க நான் பாத்துக்கறேன்," என்று உருகினார்.

நாற்பத்தைந்தாம் நாள் வந்தது! கைராசிக்காரருக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி வாத்தியாரைக் கூப்பிட்டார். பொழுது சாய்ந்து லேசாக இருட்டத் தொடங்கியிருந்தது.

"சார், ஒன்றரை மாசம் முடிஞ்சுது. பல்பு பத்திரம். தீர்ப்பைச் சொல்லுங்க!"

"இருங்க சார்," என்றாள் மனைவி. "போட்டுக் காட்டட்டும். இல்லேன்னா தாங்குச்சா போச்சான்னு எப்படித் தெரியும்?"

"நியாயம்," என்றார் வாத்தியார்.

"இதோ!" வண்டியை உதைத்து ஸ்விட்சைத் தட்டினார். ஆஹா! எதிர்ச் சுவர் முழுக்கப் பால் வெளிச்சம்! கைராசிக்காரர் வாசலில் குதித்தார். "பாத்தியா! பாத்தியா! எவ்வளவு பேசின! இந்தக் கையப் பாருடி, இந்தக் கைய!" வாத்தியார் தொண்டையைக் கனைத்துத் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார்.

டப்!

வெளிச்சம் போயே போச்சு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். மனைவி விளக்கைக் கழற்றிப் பல்பைக் கைக்குட்டையால் பிடித்து எடுத்தாள். கண்ணாடியில் கட்டை விரல் பட்ட இடத்தில் விரிசல் ஓடியிருந்தது.

"இது நம்ம ஸ்டுடியோ லைட்டுல இருக்கற ஜாதி பல்புங்க. கண்ணாடியில விரல் படவே கூடாது. பிசுக்கு ஒட்டின இடம் மட்டும் சூடு தாங்காம வெடிச்சுடும். அதனாலதான் டப்பாவுல கைப் படம் போட்டு குறுக்கே கோடு அடிச்சிருக்கான்."

"நான் தினமும் தடவினேனே!" அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் கைப்பையிலிருந்து ஆறாவது பல்பை எடுத்தாள். உலோக அடியை மட்டும் கைக்குட்டையோடு பிடித்து மாட்டினாள். மறுபடியும் சுவரெல்லாம் பால். பிறகு கையை நீட்டினாள்.

"சாவி."

தந்துதான் ஆக வேண்டும். ஆனாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று காட்ட வேண்டாமா? "எடுத்துக்க, நல்லா எடுத்துக்க! ஓட்டறதுக்கு ஆள் வேணும்னா என்கிட்டதானே வந்து நிக்கணும்!"

மனைவி கைப்பையைத் துழாவி ஒரு அட்டையை நீட்டினாள். டிரைவிங் லைசென்ஸ்! அதில் அவள் போட்டோ பல் தெரியச் சிரித்தது. அவர் வாயைப் பிளந்து நிற்கும்போதே முன்சீட்டில் ஏறி ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினாள். அவருக்கு எப்போதும் நாலு உதை வேண்டும்.

"ஏறுங்க. வாத்தியார் சார் பாக்கறாரு."

ஏறினார். எங்கே பிடித்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. தெருமுனை திரும்பியதும் அவள் தோளுக்கு மேலே எட்டிக் கேட்டார்.

"ஏம்மா, காலையில சமையல், பகல்ல ஸ்டுடியோ, சாயங்காலம் வீடுன்னு இருந்தவ நீ. வண்டி கத்துக்க உனக்கு ஏது நேரம்?"

அவள் கியரை மாற்றிக்கொண்டே சொன்னாள்: "அதான் நீங்க தினமும் அஞ்சரைக்கே வந்து சமைச்சு வெச்சீங்களே!"