சமையலறையில் அறுபத்திரண்டு நத்தைகள்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நிம்மதியில்லாதவள் நான் ஒருத்திதான். காரணம் உன் அத்தான்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் மோட்டார் பழுதாம். தான் வளர்க்கும் குளத்து நத்தைகளை இரண்டு டப்பாவில் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்துவிட்டார். கேட்டால், "பயப்படாத, இதுங்களுக்கு இன்னும் புழு ஏத்தல" என்கிறார். இது ஒரு ஆறுதலா? ஒரு டப்பாவில் ரோஷக்கார நத்தைகள். உடம்புக்குள் ஒட்டுண்ணிப் புழு நுழைந்தால் அவற்றின் இரத்த அணுக்கள் சூழ்ந்து கொன்றுவிடுமாம். மற்றது சாது வகை. புழு வந்தாலும் அணுக்கள் சும்மா வேடிக்கை பார்க்குமாம், வேண்டாதவர்கள் வீட்டுக்கு வந்தால் உன் அத்தான் நிற்பாரே, அதேபோல.

வியாழக்கிழமை மேடையைத் துடைக்க மூடிகளைக் கொஞ்சம் நகர்த்தினேன், போன் வந்தது, பேச்சு எங்கெங்கோ போயிற்று, திரும்பினால் சுவரில் நத்தை, குழாயில் நத்தை, டீ வடிகட்டியில் நத்தை. நத்தை மெதுவாகப் போகும் என்றவன் ஒருநாளும் அதைத் துரத்தியிருக்க மாட்டான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் நானும் அறுபத்திரண்டையும் பொறுக்கினோம். எது எந்த டப்பா? எல்லாம் ஒரே மூஞ்சி.

சாயங்காலம் வந்த மனுஷன் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "மூணு வருஷ உழைப்பு" என்றார், அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

மறுநாள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு நானும் அவருடன் போனேன். ஒவ்வொரு நத்தையிலிருந்தும் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் புழுக்குஞ்சோடு வைத்தார். சில மணி நேரம் கழித்து, "நீயே பாரு" என்றார். நுண்ணோக்கியில் குனிந்தேன். தம்பி, அந்த அணுக்கள் கையை நீட்டி நீட்டி வந்து, புழுவைக் கட்டிப்பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி அமுக்கின. "விடாதே, அமுக்கு!" என்று கத்திவிட்டேன். அடுத்த சொட்டில் ஒன்றுகூட அசையவில்லை. மூன்று நாள் இருவரும் மாறி மாறிப் பார்த்துப் பிரித்தோம்: முப்பத்து மூன்று ரோஷம், இருபத்தொன்பது சாது.

இருந்தாலும் எனக்குப் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை அழைத்துப் போ, ஒரு மாதம் உங்களோடுதான். பிள்ளைகளுக்கு முத்தங்கள், நீங்கள் இருவரும் நூறு வயது வாழ வேண்டும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த,
அக்கா

பின்குறிப்பு: வராதே. திங்கட்கிழமை புது நத்தைகள் வருகின்றன. "எனக்கு இப்பல்லாம் பார்வை சரியில்ல, நீ கூட இருந்தா தேவல" என்றார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒன்று வருவது இதுதான் முதல் தடவை. எனக்கும் இடது கண் மங்கல்தான். வலது கண்ணால் சமாளிக்கிறேன். அதை மட்டும் அவரிடம் சொல்லித் தொலைக்காதே.