நவரட்ணராஜாவின் கொத்து வைத்தியம்

நவரட்ணராஜா மெலிவது என்று முடிவெடுத்தார். யாருடைய முடிவு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த வீட்டில் முடிவெடுப்பது மங்களேஸ்வரி, அறிவிப்பது அவர். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்த வேலைப் பங்கீட்டில் ஒரு பிசகும் வந்ததில்லை.

ஆள் கண்டிக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுதுவினைஞர், வீடு கட்டுகஸ்தோட்டையில். பெயரில் ஒன்பது ரத்தினம், உடம்பில் ஒன்பது பேர். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்ப்பான், அவரைப் பார்ப்பான், மறுபடியும் அட்டையைப் பார்ப்பான். படத்திலிருந்த ஒல்லிப் பையன் இவருக்குள்ளே எங்கேயோதான் இருந்தான். சண்டைக் காலத்தில் ஒரு யாழ்ப்பாணத்தான் தன் முகத்துக்கே சாட்சி தேடுவது பகிடியில்லை.

டொக்டர் நிறை பார்க்கிற மெஷினில் அவரை ஏற்றினார். முள் ஓடுகிற மட்டும் ஓடி, அதற்கு மேல் இடமில்லாமல் நின்றது.

"பிறஷர் கூட, சீனி கூட. முழங்கால் தேஞ்சுபோச்சு. இதயம் ரெண்டு பேற்றை வேலையைப் பாக்குது. நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு வருது. இப்பிடியே விட்டால், ஒருநாள் நிண்டது நிண்டதுதான்."

"வெளிநாட்டில இதுக்கு ஒப்பரேசன் இருக்காமே, டொக்டர்?"

"ஓம். அங்க வயித்தைச் சின்னனாக்கித் தைக்கினம். இஞ்ச நீங்கள் வாயைத் தைச்சால் காணும். அடுத்த மாதம் குறையாமல் வந்தால் வார்ட்டில போட்டுடுவன். பிறகு ஆஸ்பத்திரிக் கஞ்சிதான்."

மங்களேஸ்வரியும் கூடவே போயிருந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் தொடங்கினாள்.

"இஞ்சேருங்கோ, எண்பத்திமூண்டுக் கலவரத்தில பின்மதிலாலை ஏறி மர்சூக் நானா வீட்டுக்க குதிச்சுத்தானே தப்பினாங்கள்?"

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"இன்னொருக்கா அப்பிடி வந்தால் ஏறுவியளோ?"

"ஏறுவன்."

"நீங்கள் ஏறுவியள். மதில் நிக்குமோ?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நீங்கள் குறட்டை விட்டால் எனக்குப் பயமில்லையப்பா. இடையில நிப்பாட்டுறியள் பாருங்கோ, அதுதான் பயம். அடுத்த மூச்சு வருமட்டும் உங்கட மூக்கடியில கையை வைச்சுக்கொண்டு முழிச்சுக் கிடக்கிறன்."

நவரட்ணராஜா உருகிப்போனார். இவளுக்காகவாவது மெலிய வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார். அந்த உருக்கம் இராச்சாப்பாடு வரைக்கும் நின்றது.

தட்டில் குரக்கன் பிட்டு, கேழ்வரகு மாவில் அவித்தது. பக்கத்தில் வல்லாரைச் சம்பல். கோப்பையில் தேங்காய்ப்பால் படாத சொதி.

"இது சொதியோ, கை கழுவுற தண்ணியோ?"

"முதல் குடியுங்கோ. மிஞ்சினால் கழுவுங்கோ."

அத்தோடு, நாளாந்தம் பின்னேரம் பாலம்வரை நடை. அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். ஓடியது கொத்துரொட்டி. பாலத்தடியில்தான் மர்சூக் நானாவின் சாப்பாட்டுக் கடை. அன்றைக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கை கொடுத்த மனுஷன் இன்றைக்கும் கைவிடமாட்டார்.

ஒரேயொரு சிக்கல். மெயின் ரோட்டால் போனால் நானாவின் மனைவி றலியா கண்டுவிடுவாள். றலியா கண்டால் மங்களம் கண்ட மாதிரி. ஆகவே நம்முடைய ஆள் மலைப்பக்கத்து ரோட்டால், மூச்சிரைக்க, ஊரைச் சுற்றிப் போனார்.

"சேர், முன்னால வந்திராதீங்க," என்றார் மர்சூக் நானா, குரலைத் தாழ்த்தி. "பாக்கிறவங்க மங்களக்காக்குச் சொல்லிருவாங்க. பின்னுக்குப் படி ஈக்கிது. ஆத்துப் பக்கத்தால எறங்கி, அதுல ஏறி வாங்க."

படி என்றால் படி, ஏறி முடிவதற்குள் குலதெய்வத்தின் பெயரே மறந்துவிடும். ஆனால் மேலே கல்லில் தகடு இரண்டும் டக்டக் என்று கொத்துகிற சத்தம் கேட்டதும் கால்கள் தாமாக ஏறின. திரைக்குப் பின்னே இருந்து, தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"என்ன நானா, கொத்து கொஞ்சம் கறுப்பாக் கிடக்கு?"

"கறி கூட ஊத்தினது, சேர். ஒங்களுக்குண்டு ஸ்பெசல்."

"ரொட்டியும் நல்ல மெதுவா இருக்கு."

"அது கடை ரகசியம். கேக்கப்படாது."

வெள்ளிக்கிழமைகளில் கோழி வேண்டாம், மரக்கறிக் கொத்துத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெண்சாதியை ஏமாற்றலாம், முருகனை ஏமாற்றலாமா?

வீட்டுக்கு வந்தால் குரக்கன் பிட்டைப் பாதியில் தள்ளிவைப்பார். "காணும் மங்களம், மனமில்லை," என்று ஒரு பெருமூச்சும் விடுவார்.

"பாவமப்பா நீங்கள்," என்பாள் அவள். அந்தப் 'பாவம்' அவருக்குக் கொத்தைவிட ருசித்தது.

மாதம் முடிந்தது. கஞ்சி வார்ட்டை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மெஷினில் ஏறினார். டொக்டர் முள்ளைப் பார்த்தார். மெஷினை ஒரு தட்டுத் தட்டினார். மறுபடியும் பார்த்தார்.

"நல்லாக் குறைஞ்சிருக்கு. பிறஷரும் இறங்கியிருக்கு, சீனியும் இறங்கியிருக்கு. என்ன மாயம் செய்தனீங்கள்?"

கொத்து என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். ஆனால் வரும் வழியில் பஸ்ஸுக்குள்ளே அந்த எண்ணம் ஊதத் தொடங்கியது. கொத்து சாப்பிட்டால் ஆள் மெலியும். வைத்திய உலகத்துக்குத் தெரியாத உண்மையை அவர் தன் சொந்த வயிற்றில் கண்டுபிடித்திருக்கிறார். இனி ஏன் ஒளிக்க வேண்டும்? உண்மையைச் சொன்னால் குரக்கன் பிட்டுக்கு வீட்டிலேயே முற்றுப்புள்ளி வைக்கலாமே.

குசினி வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மங்களேஸ்வரி முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ வேலையாக இருந்தாள்.

"மங்களம், நான் மெலிஞ்சிட்டன். ஆனால் உம்மட குரக்கனால இல்லை."

"பின்னை?"

"கொத்து. ஒவ்வொரு பின்னேரமும் மர்சூக் நானா கடையில வயிறு முட்டத் திண்டனான். மலையாலை சுத்தி, அந்தப் படியெல்லாம் ஏறிப் போய்த் திண்டனான்."

வீடு இடியும் என்று எதிர்பார்த்தார். இடியவில்லை.

"தெரியும்," என்றாள் அவள், திரும்பாமலே.

"என்ன தெரியும்?"

"நீங்கள் அங்கதான் போவியள் எண்டு முதலே தெரியும். ரொட்டி எண்டு நீங்கள் திண்டது குரக்கன் ரொட்டி. அதுவும் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கோவா. மத்தியானத்தில நான்தான் அரிஞ்சு றலியாவிட்டைக் குடுத்துவிடுறனான். எண்ணெய் தடவினால் உங்களைக் கடைப்பக்கம் விடமாட்டன் எண்டு நானாவுக்கும் சொல்லிவைச்சனான்."

"அப்ப அந்தப் பின்படி?"

"முன்வாசலாலை விட்டால் நீங்கள் நடப்பியளோ?"

அவளுக்கு முன்னால் பலகையில் அந்தக் கோவா, பாதி அரிந்த முட்டைக்கோஸ், கிடந்தது. அவள் இப்போதுதான் திரும்பினாள். முகத்தில் கோபமில்லை. பல நாள் நித்திரைக்குப் பிறகு வருகிற தெளிவு இருந்தது.

"இந்தக் கிழமை முழுக்க உங்கட மூச்சு நிக்கேல்லை. நானும் விடியுமட்டும் நித்திரை கொண்டன்," என்றாள்.

அவருக்குக் கண் கலங்கியது. அவளுடைய கையைப் பிடித்து ஏதாவது சொல்லலாம் என்று தன் கையை நீட்டினார். அவள் அந்தக் கையில் கத்தியை வைத்தாள்.

"தெரிஞ்சிட்டுதுதானே. இண்டையில இருந்து கோவாவை நீங்களே அரியுங்கோ. நானா கல்லைச் சூடாக்கிக்கொண்டு நிப்பார்."