முகமே காட்டாத பேய்

பேய்ப்பட முன்னோட்டங்களில் பெண்களுக்கு நடக்கும் அநியாயத்தை ஒழித்தே தீருவது என்று நைஜல் ஒன்பது வருஷத்துக்கு முன்பே முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டியபோது அவர் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தார். மனைவி லொரெய்ன் அந்தக் காலைக் கொஞ்சம் தூக்கி, அடியில் கிடந்த காலுறையை எடுத்துக்கொண்டு துவைக்கப் போனாள்.

இந்தக் கதையில் நைஜலை அவர் என்றும் லொரெய்னை அவள் என்றும் எழுதுகிறேன். இது எவ்வளவு பெரிய தப்பு என்று நைஜலே உங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பார். ஆனால் இரண்டு பேரும் 'அவர்' ஆகிவிட்டால் காலுறை யாருடையது என்று குழப்பம் வரும்.

ஹாலிஃபாக்ஸ் நகரத்துக் கல்லூரி ஒன்றில் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு நைஜலின் ஊடக வகுப்பு. வேலை முடிந்து வருகிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும் படிப்பார்கள். ஒரு பேய்ப்பட முன்னோட்டத்தைத் திரையில் ஓடவிட்டு, நொடிக்கு நொடி நிறுத்தி, எண்ணச் சொல்வார். பெண்ணின் முகம் எத்தனை நொடி, அவள் அலறுவது எத்தனை நொடி, பேசுவது எத்தனை சொல். ஒரு முன்னோட்டத்தில் கதாநாயகி எழுபத்தொரு நொடி வந்து ஒரே ஒரு சொல்தான் பேசினாள். "யாரது?" அதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

"கேமரா எங்க நிக்குதுன்னு பாருங்க" என்பார் நைஜல். "ஆம்பளையோட கண்ணு இருக்கிற இடத்துல நிக்குது. அவன் பாக்குறான், அவ பாக்கப்படுறா. ஆனா கடைசிவரைக்கும் உயிரோட மிஞ்சுற பொண்ணு ஒருத்தி இருப்பா. அவ யாருன்னு கவனிங்க. மத்தவங்க கவனிக்காதத எல்லாம் கவனிச்சவ அவதான்."

உண்மையிலேயே நல்ல வாத்தியார். பார்வையைப் பற்றி அவர் பேசினால் நாள் முழுக்கக் கேட்கலாம். லொரெய்னுக்கும் பிழைப்பு பார்வைதான். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருஷமாக வேலை. அவர் பார்வையை விளக்குவார், அவள் அளப்பாள்.

அந்த வருஷம் வகுப்பில் ஒன்பது பேர்தான் சேர்ந்திருந்தார்கள். பத்துப் பேர் சேர்ந்து, அந்தப் பத்துப் பேரும் கடைசியில் செய்முறை வேலையை ஒப்படைத்தால்தான் வகுப்பு நீடிக்கும், இல்லையென்றால் மூடிவிட வேண்டியதுதான் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். நைஜலுக்கு அந்த வகுப்பு என்றால் உயிர். பகலில் பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் இதையே சொன்னால் கொட்டாவி விடுவார்கள். செவ்வாய்க்கிழமைக்காரர்கள் குறிப்பெடுப்பார்கள்.

"பேருக்கு வந்து உக்காந்தா போதும், லொரெய்ன்" என்று கெஞ்சினார்.

"செவ்வாக்கிழம உன் சாப்பாட்ட யாரு செய்யுறது?"

"கெளம்புறதுக்கு முன்னாடி செஞ்சு வச்சிட்டு வந்துடேன்."

"அதுவும் சரிதான். வகுப்புல என்ன சொல்லிக்கொடுப்ப?"

"சினிமாவுலயும் வீட்டுலயும் பெண்ணோட இடம் எதுன்னு."

"அப்ப வர்றேன். இத்தன வருஷமா தெரியாமலே நின்னுக்கிட்டு இருக்கேன்."

பேருக்கு வந்தவள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் ஒரு பக்கம் எழுதினால் அவள் மூன்று பக்கம் எழுதினாள். செய்முறை வேலை என்பது இரண்டு நிமிஷத்தில் ஒரு பேய்ப்பட முன்னோட்டம் எடுப்பது, வகுப்பில் படித்ததை அதில் பொருத்திக் காட்டி ஒரு கட்டுரை எழுதுவது. படத்தை எல்லார் முன்னாலும் திரையிட வேண்டும். லொரெய்ன் கைபேசியை ரொட்டிப் பெட்டி மேல் வைப்பதும் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைப்பதுமாக இருந்தாள். நைஜல் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனிக்கிறவர் அல்ல, கவனிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவர்.

ஒரு சனிக்கிழமை காலை லொரெய்ன் கடைக்குப் போயிருந்தாள். வகுப்புக் குறிப்பைத் தேடி வீட்டுக் கணினி முன் உட்கார்ந்தார் நைஜல். அதில் அவளுடைய முன்னோட்டம் திறந்தே கிடந்தது. ஓடவிட்டார்.

இருட்டான மாடிப்படி. மேலேயிருந்து இழுத்து இழுத்து ஒரு குரல். "லொரெய்ன்… என் நீலச் சட்ட எங்க?" துவைக்கும் இயந்திரத்தின் வட்ட வாய் சுழல்கிறது. குளிர்பெட்டி திறக்கிறது, வெண்ணெய் கண்ணெதிரே இருக்கிறது. குரல் பக்கத்தில் வந்துவிட்டது. "லொரெய்ன்… வெண்ண எங்க?" கெட்டிலிலிருந்து ஆவி எழுகிறது. படத்தில் வந்த ஒரே ஆவி அதுதான். கறுப்புத் திரையில் எழுத்துகள் வருகின்றன. இருபத்திரண்டு வருஷம். ஒரே வீடு. ஒரே கேள்வி. பிறகு, காதுக்குள்ளேயே வந்து: "எங்க?"

முதல் தடவை பார்த்தபோது கோபம் வந்தது. இரண்டாம் தடவை வாத்தியார் புத்தி விழித்துக்கொண்டது. கேமரா ஒரு நொடிகூட லொரெய்னைப் பார்க்கவில்லை. லொரெய்னின் கண் இருக்கும் இடத்தில் நின்று வீட்டைப் பார்த்தது. அந்த இடத்தில் நின்றால் வீடு இப்படியா தெரியும்? ஒன்பது வருஷமாக அந்த இடத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார், ஒரு நாளும் போய் நின்றதில்லை. அவருடைய வகுப்பில் யாரும் இதுவரை இவ்வளவு நல்ல படம் எடுத்ததும் இல்லை. பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. வெட்கம்தான் கொஞ்சம் தூக்கல்.

அன்றைக்குச் சாயங்காலம் வகுப்பில் எண்ணுவதுபோலத் தன்னையே எண்ணிப் பார்த்தார். படுக்கப் போவதற்குள் மனைவியிடம் நாற்பது சொல் பேசியிருந்தார். அதில் பதினொன்று "எங்க".

படத்தை மாற்று என்று சொல்ல முடியாது. கோபித்துக்கொண்டு நின்றுவிட்டால் பத்து ஒன்பதாகிவிடும், வகுப்பு போய்விடும். மாற்றாவிட்டால் மானம் போய்விடும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பேயே திருந்திவிட்டால் படம் பொய்யாகிவிடும். லொரெய்ன் பொய்யை எடுத்துக் காட்டுகிறவள் அல்ல. தானாகவே வேறு படம் எடுப்பாள். திரையிடலுக்கு மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் சமையலறைக்குள் நுழைந்தார். டப்பா திறக்கும் கருவியை நாற்பது நிமிஷம் தேடினார். நாக்கு நுனிவரை வந்த "எங்க"வை விழுங்கிவிட்டு, தக்காளி டப்பாவை உளியால் திறந்தார். லொரெய்ன் வாசலில் நின்று பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா, நைஜல்?"

"நல்லாத்தான இருக்கேன்."

"டாக்டர் ஏதாவது சொல்லி, எங்கிட்ட மறைக்கிறியா?"

"புருஷன் சமைச்சா அதுக்கு டாக்டர்தான் சொல்லணுமா?"

"இல்ல கண்ணு. சுவரெல்லாம் செவப்பா இருக்கேன்னு கேட்டேன்."

ஒரு வாரத்தில் சுவரில் தெறிப்பது குறைந்தது. இரண்டாம் வாரம் துணி துவைத்தார், நீலச் சட்டை எங்கே தொங்கும் என்பது இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தெரிந்தது. மூன்றாம் வாரம் ஏப்ரன் கட்டிக்கொண்டு சீட்டியடித்தபடி பாத்திரம் கழுவினார். வேஷமாகத் தொடங்கியது வேலையாகவே ஆகிவிட்டது. வெளியே பார்த்தபடி சோப்பு நுரையில் கைவிட்டு நிற்பது அவருக்குப் பிடித்தும் போனது. லொரெய்ன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து டீ குடித்தாள். அவள் சும்மா உட்கார்ந்து பார்த்தே ரொம்ப நாளாகிவிட்டது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. படம் மாறியிருக்கும் என்று நிம்மதியாக இருந்தார்.

திரையிடல் நாள் வந்தது. லொரெய்னின் முறை. விளக்கை அணைத்தார்கள்.

வெயில் விழும் சமையலறை. இனிமையான இசை. ஏப்ரன் கட்டிய ஓர் ஆண் முதுகு காட்டி நின்று, சீட்டியடித்தபடி பாத்திரம் கழுவுகிறார். ஒரு கோப்பை டீ. அமைதி. அரை நிமிஷம் அப்படியே போனது. சட்டென்று திரை கறுத்தது.

"லொரெய்ன்… என் நீலச் சட்ட எங்க?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கடைசி "எங்க?" வந்தபோது மட்டும் சிரிப்பு நின்றது. பள்ளிக்கூடத்தில் சமைக்கும் டாரீன்தான் முதலில் பேசினாள். "எங்க வீட்டுக்குள்ள எப்பம்மா வந்து எடுத்த?"

எல்லாரும் போன பிறகு நைஜல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"நான்தான் திருந்திட்டேனே, லொரெய்ன். அதப் போய் இதுல சேத்திருக்க."

"நீதான சொல்லிக்கொடுத்த? பேய்ப்பட முன்னோட்டம்னா மொத அர நிமிஷம் வீடு நிம்மதியா இருக்கணும், அப்பதான் அடுத்து வர்றது பயமா இருக்கும்னு. எங்கிட்ட நிம்மதியான காட்சி ஒண்ணுகூட இல்ல. இருபத்திரண்டு வருஷத்துல தேடிப் பாத்துட்டேன்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் கம்ப்யூட்டர்ல படத்த தொறந்து வச்சிட்டுக் கடைக்குப் போனேன்."

நைஜல் கையிலிருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பத்துப் பேரும் ஒப்படைத்தார்கள். வகுப்பு பிழைத்தது. மதிப்பெண் போட உட்கார்ந்தபோது லொரெய்னின் வேலையில் குறை கண்டுபிடிக்க நைஜல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போராடினார். நியாயமான மனிதர், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டார். குறைத்த இரண்டுக்குக் காரணம் எழுதியாக வேண்டும். ஓரத்தில் எழுதினார்: "பேயின் பாத்திரத்தில் ஆழம் போதவில்லை. அதன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று கடைசிவரை தெரியவே இல்லை."

லொரெய்ன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தாள்.

"இருக்கிறதத்தான எடுக்க முடியும், நைஜல்?"