ஆற மறுத்த குளம்

ஹார்லன் தெர்மாமீட்டரைத் தோட்டத்து நீச்சல் குளத்திலிருந்து எடுத்துப் பார்த்தார். நம்பாமல் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் முக்கினார்.

"எவ்வளவு?" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி லொரெட்டா கேட்டாள்.

"எண்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்."

"புல்லு மேல பனி உறைஞ்சு கிடக்கு. உன் குளம் மட்டும் எப்படி எண்பத்திரண்டு? அந்தத் தெர்மாமீட்டரைத் தூக்கி எறிஞ்சிட்டு, குளிர்காலத்துக்குக் குளத்தை மூடுற வழியைப் பாரு. தெருவுல எல்லாரும் மூடியாச்சு."

"அறுபதுக்குக் கீழே இறங்காம மூடக் கூடாது. போன வருஷம் பட்டது போதாதா?"

போன வருஷம் அவசரப்பட்டு, வெதுவெதுப்பான தண்ணீருக்கு மேல் உறையை இழுத்துக் கட்டிவிட்டார். வசந்தத்தில் திறந்தபோது பாசி மண்டி, உள்ளே பச்சைப் பட்டாணி சூப். விஸ்கான்சினின் அந்தச் சின்ன ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. அதனால் இந்த முறை செப்டம்பரிலேயே, குளத்துத் தண்ணீரைச் சூடாக்கும் வேலியோர ஹீட்டரைத் தன் கையால் அணைத்துவிட்டு, தண்ணீர் ஆறக் காத்திருந்தார்.

பக்கத்து வீட்டு இர்மா கிழவி வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "பொறுமையா இருப்பா. இந்த வருஷமும் ஊருக்கு சூப் வைக்காதே!"

காத்திருந்ததில் மேப்பிள் இலைகள் கொட்டின. குளத்தின் மேல் வலை விரித்தார். இலைகளின் பாரத்தில் வலை மூழ்கியது. அதை இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

விடிந்தபோது குளத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே பெரிய சிறகுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. தெற்கே போய்க்கொண்டிருந்த காட்டு வாத்துக் கூட்டம். ஹார்லன் காபியைக் குடிக்க மறந்து நின்றார்.

"அழகா இருக்குல்ல?" என்றார் மெதுவாக.

"ரொம்ப அழகு. அதுங்க கீழே போடுறதை யார் அள்ளுறது?"

வாத்துகளை விரட்ட பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி வைத்தார். ஒரு வாத்து அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. தண்ணீரைக் குளிரவைக்க மூட்டை மூட்டையாக ஐஸ் கொட்டினார். ஐஸ் கரைந்தது. மறுநாள் தெர்மாமீட்டர் எண்பத்துநான்கு காட்டியது.

"இன்னைக்கு ராத்திரி கடுங்குளிராம், ரேடியோவுல சொல்றான்," என்றாள் லொரெட்டா. "குழாய்ல தண்ணி உறைஞ்சு வெடிச்சா தோட்டம் முழுக்கத் தோண்டணும். நீதான் தோண்டுவே."

ஹார்லன் மண்டியிட்டுத் தரையில் காதை வைத்தார். அடியில் ஏதோ 'ம்ம்ம்' என்று ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது.

"லொரெட்டா! நம்ம தோட்டத்துக்கு அடியில வெந்நீர் ஊற்று இருக்கு!"

"இருபது வருஷமா எங்கே போயிருந்ததாம்?"

"இப்பத்தான் கண் திறந்திருக்கு!"

சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. பாதிரியார் லிண்ட்க்விஸ்ட்டும் வந்தார். சிரிக்கலாம் என்று வந்தவர்கள்கூடக் குளத்தருகே வந்ததும் தொப்பியைக் கழற்றினார்கள். அந்தக் குளிர்காலத்தின் முதல் பனிப்பொழிவு ஆரம்பித்தது. வெள்ளைப் பூக்களாக இறங்கிய பனி, ஆவியைத் தொட்டதும் காணாமல் போனது. வாத்துகள் சத்தமில்லாமல் மிதந்தன. லொரெட்டாகூட ஹார்லனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதையா மூடச் சொன்னேன்?" என்றாள், குரல் இறங்கிப்போய்.

"குழாய் வெடிச்சா வெடிக்கட்டும்," என்றார் ஹார்லன். கண் கலங்கியிருந்தது. "மூட நான் யாரு?"

பாதிரியார் தலை குனிந்தார்.

இர்மா கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கோடை முழுக்க ஊன்றி நடந்த கைத்தடி அவள் கையில் இல்லை. நீளமான கோட்டுக்குக் கீழே வெறுங்கால். அவள் ஹார்லனின் காதருகே குனிந்தாள்.

"இவங்களை எல்லாம் சீக்கிரம் அனுப்பிட்டு நீங்களும் போய்த் தூங்குங்கப்பா, எனக்கு மூட்டுவலி தாங்கலை, இன்னைக்குக் குளிர் அதிகம்னு உங்க வேலியோர ஹீட்டரை நேரத்தோடயே போட்டுட்டேன்."