வைஃபை பெட்டிக்கு ஓர் எலிக்கூண்டு

ஆவணி முதல் தேதி, காலை ஆறு பத்து, வெளியே சாரல். அந்த நேரத்தில் நனைந்த வேட்டியும் காலி எலிக்கூண்டுமாக ஒருவர் கதவைத் தட்டினால், கரமனையில் அது எலி மாமாவைத் தவிர வேறு யாராகவும் இருக்க முடியாது. உலகத்திலுள்ள அத்தனை கர்ப்பிணிகளுக்கும் தாமே பொறுப்பு என்று நம்பிய ஒரே பிரம்மச்சாரி அவர்.

கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் எலிகளுக்குத் தீனி போட்டவர். கடைசியாக அங்கே ஒரு சோதனை நடந்தது. சினை எலிகளின் கூண்டுக்கடியில் செல்போனை வைத்தார்கள். பிறந்த குட்டிகளைப் பெரிய பெட்டியின் நடுவில் விட்டு, தைரியமாகச் சுற்றுகின்றனவா, மூலையில் ஒடுங்குகின்றனவா என்று பார்த்தார்கள். பேராசிரியர்கள் கடைசிவரை ஒரு முடிவுக்கும் வரவில்லை. எலி மாமா வந்துவிட்டார்: அலை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

அதன் பிறகு தெருவில் யாருக்காவது நாள் தள்ளிப்போனால், மசக்கைக்கு முன்னால் இவர் வந்து நிற்பார். எதிர்வீட்டுப் பெண்ணின் செல்போனை அரிசிப்பானைக்குள் போட்டு மூடினார். பானைக்குள் மணியடித்ததில் அவளுடைய மாமியார் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

இப்போது எங்கள் முறை. என் மருமகள் வித்யாவுக்கு ஆறாம் மாதம். முந்தைய கர்ப்பம் மூன்றாம் மாதமே கலைந்திருந்தது. அவளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. இண்டர்நெட் போனால் வேலையும் போகும். பிள்ளை, வேலை இரண்டையும் நினைத்துப் பயந்தவன் நான். "உள்ளே வாரும்" என்றேன்.

வைஃபை பெட்டியைக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினார்.

"கம்பிக்குள்ள அடங்கிடும் வோய். ஒரு பொட்டு வெளியில வராது."

நன்றாகவே அடங்கியது. பத்து மணிக்கு வித்யா அறையிலிருந்து கத்தினாள்.

"அப்பா, மீட்டிங் கட்டாயிடுத்து!"

லேப்டாப்போடு வீடெல்லாம் அலைந்தாள். கடைசியில் சிக்னல் கிடைத்தது கூண்டை ஒட்டித்தான். அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வயிற்றுக்கும் கூண்டுக்கும் ஒரு சாண் தூரம்.

சாயங்காலம் வந்த எலி மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, நானே கொண்டுவந்து மடியில வச்சாப்பல ஆயிடுத்தே!"

"மாமா, வைஃபையை ஆஃப் பண்ணிட்டு வயர்லயே வேலை பாக்கலாமே" என்றாள் வித்யா.

"அப்படியும் உண்டா? சொல்லப்படாதா கொழந்தே?"

"நீங்க எங்கே கேட்டேள்? வந்தேள், பூட்டினேள்."

பன்னிரண்டு மீட்டர் வயர் வாங்கினேன். பிரசவம்வரை எலி மாமா தினமும் வந்து, வைஃபை விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

"வோய், அலையாலதான் கெடுதின்னு உமக்கு நிச்சயமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? ஒரு குட்டி மூலையை விட்டு வரவே இல்லை. சட்டைப்பையில வச்சுண்டு நான்தான் தீனி கொடுத்தேன். ஒரு வாரம் இருந்தது. வயர்ல தீர்ற காரியமாக்கும். ஏன் ஒரு உசிரை விட்டுக்கொடுக்கணும்?"

பெண் குழந்தை பிறந்தது. தவழ ஆரம்பித்ததும் எலி மாமா ஒருநாள் கூடத்தைக் காலி செய்து, அவளை நடுவில் உட்கார வைத்தார். தாம் மூலையில் போய், மூச்சுவிடாமல் நின்றார். அவள் நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு கூடத்தை நேராகக் கடந்துபோய், அவர் வேட்டியைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"பயமே இல்லை வோய், கேட்டேரா! மூலைக்கு வந்தது என்னைக் கூப்பிடறதுக்காக்கும்!" மேல்துண்டு முழுக்கக் கண்ணீர்.

இப்போது வித்துராவில் தங்கை வீட்டில் இருக்கிறார். பழைய இரும்புக்காரன் கூண்டுக்கு எண்பது ரூபாய் தருவதாகச் சொன்னான். எலி மாமா வந்தால் முதலில் அதைத்தான் தேடுவார், கொடுக்கவில்லை. வயர் முந்நூற்று அறுபது, விற்காத கூண்டு எண்பது. ஆக, எலி மாமாவால் எனக்கு ஆன செலவு நானூற்று நாற்பது ரூபாய்.